ஆடி ஆர்எஸ் கியூ3

ஆடி ஆர்எஸ் கியூ3 என்பது செருமனியைச் சேர்ந்த ஆடி நிறுவனம் 2013ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய உயர்திறன் சிறு கிராஸ்ஓவர் வகைத் தானுந்து ஆகும். அன்றாடக் குடும்பப் பயன்பாட்டுக்கென உருவான கியூ3 தானுந்தின் உடலுக்குள் 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள, டர்போ பூட்டிய ஐந்து உருளைப் பெட்ரோல் பொறியைப் பொருத்தி இவ்வண்டி உருவாக்கப்பட்டது. முதல் பதிப்பின் திறன் 310 குதிரைத்திறன். 2019இல் வெளியான இரண்டாம் தலைமுறையில் இது 400 குதிரைத்திறனாக உயர்ந்தது. ஆடியின் கியூ வரிசையில் ஆர்எஸ் என்னும் அடைமொழியைப் பெற்ற முதல் வண்டி இதுவே. இக்கட்டுரையில் குதிரைத்திறன் என்பது மெட்ரிக் குதிரைத்திறனைக் குறிக்கும். ஒரு மெட்ரிக் குதிரைத்திறன் ஏறத்தாழ 0.7355 கிலோவாட் ஆகும்.

கிராஸ்ஓவர் என்பது சாதாரணக் காரின் அடித்தளத்தின் மீது, சற்று உயரமான உடலையும் உயரமான இருக்கைகளையும் அமைத்துச் செய்யப்படும் வண்டி. ஏறி இறங்க எளிது, சாலை நன்றாகத் தெரியும், பின்புறம் சாமான்களுக்கு இடமும் கிடைக்கும். ஆனால் வேகமாக வளைவுகளில் திரும்புவதற்கு உயரம் ஒரு தடை. ஆகவே இவ்வகை வண்டிக்கு விளையாட்டுத் தானுந்தின் பொறியைக் கொடுப்பது முரணான செயலாகவே தோன்றும். அம்முரண் எந்த அளவுக்குத் தீர்க்கப்பட்டது, எந்த அளவுக்குத் தீராமல் எஞ்சியது என்பதே இவ்வண்டியின் இயல்பைத் தீர்மானிக்கிறது.

பெயர்

ஆர்எஸ் என்பது பந்தய விளையாட்டு என்று பொருள்படும் ரென்ஷ்போர்ட் என்னும் செருமானியச் சொல்லின் சுருக்கம். 1994இல் போர்ஷே நிறுவனத்துடன் இணைந்து ஆடி தயாரித்த ஆர்எஸ்2 அவான்ட் என்னும் வண்டியிலிருந்து இப்பெயர் ஆடியின் அதிவேக வண்டிகளுக்கு வழங்கி வருகிறது. கியூ என்பது அந்நிறுவனத்தின் உயரமான வண்டிகளைக் குறிக்கும் எழுத்து. 3 என்பது அளவு வரிசையில் இதன் இடம்.

நிறுவனத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஆகஸ்ட் ஹோர்ஷ் என்னும் பொறியாளர் 1909இல் தாம் நிறுவிய நிறுவனத்தை விட்டு விலகிப் புதிய நிறுவனம் தொடங்கியபோது, தம் சொந்தப் பெயரையே பயன்படுத்த இயலாமல் போயிற்று. செருமானிய மொழியில் அவர் பெயருக்குக் 'கேள்' என்று பொருள். அதன் இலத்தீன் வடிவமே ஆடி. கீழே காணப்போகும் ஐந்து உருளைப் பொறி பெரிதும் தன் ஒலியாலேயே புகழ்பெற்றது என்பதால் இப்பெயர் மிகவும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

வரலாறு

கியூ3 தானுந்தின் முதல் தலைமுறை 2011இல் எசுப்பானியாவின் மார்ட்டோரல் நகரில் உள்ள சியட் தொழிற்சாலையில் தயாரிக்கப்படலாயிற்று. 2012 ஏப்ரலில் பெய்ஜிங் தானுந்துக் கண்காட்சியில் ஆர்எஸ் கியூ3 என்னும் பெயரில் ஒரு முன்மாதிரி காட்டப்பட்டது. அதன் திறன் 360 குதிரைத்திறன் என அறிவிக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பின், 2013இல் ஜெனீவா கண்காட்சியில் விற்பனைக்கான வண்டி வந்தபோது திறன் 310ஆகக் குறைந்திருந்தது. அப்போது ஆர்எஸ் வண்டிகளை உருவாக்கியது நெக்கார்சுல்ம் நகரைச் சேர்ந்த குவாட்ரோ நிறுவனம். ஆடியின் துணை நிறுவனமான இது 2016இல் ஆடி ஸ்போர்ட் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

முதல் பதிப்பு நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 5.5 நொடிகளில் எட்டியது. மேம்படுத்தப்பட்ட பதிப்பு 340 குதிரைத்திறனும் 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்டு 2015இல் விற்பனைக்கு வந்தது. அதன் நேரம் 4.8 நொடிகள். 2016இல் பெர்ஃபார்மன்ஸ் என்னும் பெயரில் வந்த பதிப்பு 367 குதிரைத்திறன், 465 நியூட்டன் மீட்டர் ஆகியவற்றோடு 4.4 நொடிகளில் அதே வேகத்தை எட்டியது. அதன் உச்ச வேகம் மணிக்கு 270 கி.மீ. அதாவது முன்மாதிரியில் வாக்களிக்கப்பட்ட திறன் வாடிக்கையாளர் கைக்கு வர நான்கு ஆண்டுகள் ஆயின.

இரண்டாம் தலைமுறைக் கியூ3 2018இல் வெளியானது. உற்பத்தி அங்கேரியின் ஜியோர் நகருக்கு மாறியது. ஐந்து உருளைப் பொறியும் அதே நகரிலேயே தயாரிக்கப்பட்டது. புதிய ஆர்எஸ் கியூ3, 2019 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இம்முறை வழக்கமான உடலோடு, பின்புறம் சரிந்த கூரையுடைய ஸ்போர்ட்பேக் என்னும் வடிவமும் கிடைத்தது. 2022இல் பத்தாண்டு நிறைவை ஒட்டிச் சிறப்புப் பதிப்பு ஒன்று 555 வண்டிகள் மட்டும் வெளியிடப்பட்டது. அந்த எண் தற்செயலானது அன்று.

ஐந்து உருளைப் பொறி

தானுந்துகளில் நான்கு அல்லது ஆறு உருளைகள் இருப்பதே வழக்கம். ஐந்து என்பது அரிது. ஆடி இவ்வெண்ணைத் தேர்ந்ததற்குக் காரணம் இடப்பற்றாக்குறையே. 1970களில் தன் பெரிய காரான ஆடி 100க்கு நான்கு உருளைப் பொறியின் ஆற்றல் போதவில்லை. ஆறு உருளைகளை ஒரே வரிசையில் வைத்தாலோ பொறி மிக நீண்டு, முன்சக்கர அச்சுக்கு முன்னால் பெரும் எடை தொங்கும் நிலை. இரண்டுக்கும் இடைப்பட்ட தீர்வாக 1976இல் 2.1 லிட்டர், 136 குதிரைத்திறன் கொண்ட ஐந்து உருளைப் பொறி ஆடி 100 5இ என்னும் காரில் வந்தது. 1979இல் அதே குடும்பப் பொறியில் டர்போ சேர்ந்து 170 குதிரைத்திறன் கிடைத்தது. 1980இல் நான்கு சக்கர இயக்கமுடைய குவாட்ரோ காரில் அது 200ஐத் தொட்டது.

குவாட்ரோவின் பேரணிப் பந்தய வெற்றிகள் இப்பொறிக்கு நீங்காப் புகழைத் தந்தன. 1981இல் இத்தாலியின் சான் ரெமோ பேரணியில் மிஷேல் மூத்தோன் இக்காரில் வென்று, உலகப் பேரணிப் போட்டித்தொடரின் ஒரு பந்தயத்தை வென்ற முதல் பெண் ஆனார். 1983இல் ஹன்னு மிக்கோலாவும் 1984இல் ஸ்டிக் புளூம்குவிஸ்டும் உலக வாகையர் பட்டம் பெற்றனர். 1987இல் வால்ட்டர் ரோரல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தை 10 நிமிடம் 47.85 நொடிகளில் முடித்தார்.

1990களின் நடுவில் வி வடிவ ஆறு உருளைப் பொறிகள் ஐந்தின் இடத்தைப் பிடித்தன. ஐந்து உருளைப் பெட்ரோல் பொறி ஆடியின் விளையாட்டு வண்டிகளுக்குத் திரும்பியது 2009இல், டிடி ஆர்எஸ் காரில்தான். அதன் கொள்ளளவு 2,480 கன செ.மீ. உருளை விட்டம் 82.5 மி.மீ., பிஸ்டன் வீச்சு 92.8 மி.மீ. இப்போதும் பழைய காரணமே வேறு வடிவில் திரும்பி வந்தது. சிறிய கார்களில் பொறி குறுக்காக, இரு முன்சக்கரங்களுக்கு இடையே அமர வேண்டும். அங்கே ஆறு உருளைகளை நீளவாக்கில் வரிசைப்படுத்த இடமில்லை. இந்த ஐந்து உருளைப் பொறியின் மொத்த நீளமோ 49.4 செ.மீ. மட்டுமே. 2010 முதல் 2018 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள், 2 முதல் 2.5 லிட்டர் வரையிலான பிரிவில் உலகின் சிறந்த பொறிக்கான விருதை இது பெற்றது.

எரிப்பு வரிசையும் ஒலியும்

நான்கு வீச்சுப் பொறியில் ஓர் உருளை, வணரித் தண்டு இரு முறை சுற்றும்போது, அதாவது 720 பாகைக்கு ஒரு முறை எரிகிறது. நான்கு உருளைகள் இருந்தால் எரிப்புகளுக்கு இடையே 180 பாகை, ஐந்து இருந்தால் 144 பாகை, ஆறு இருந்தால் 120 பாகை இடைவெளி அமையும். ஒரு பிஸ்டன் தண்டைத் தள்ளும் வீச்சு 180 பாகை நீளமுடையது. நான்கு உருளைப் பொறியில் ஒன்று தள்ளி முடிக்கும் கணத்தில்தான் அடுத்தது தள்ளத் தொடங்குகிறது. ஐந்து உருளைப் பொறியில் முன்னது முடிவதற்கு 36 பாகை முன்பே அடுத்தது தொடங்கிவிடுகிறது. தள்ளுவிசை எக்கணத்திலும் முற்றிலும் அறுபடுவதில்லை. ஓட்டுநர் இதை வழுவழுப்பான இழுவையாக உணர்கிறார்.

எரிப்பு வரிசை 1, 2, 4, 5, 3 என்பதாகும். ஒன்றிலிருந்து இரண்டுக்கும் நான்கிலிருந்து ஐந்துக்கும் எரிப்பு அடுத்தடுத்த உருளைகளுக்குச் செல்கிறது. மற்ற மூன்று தாவல்களில் இடையே ஓர் உருளையைக் கடந்து செல்கிறது. இந்தச் சீரற்ற தாளம் வெளியேறும் புகையின் துடிப்பிலும் பதிந்து, இப்பொறிக்கே உரிய கரகரத்த, சற்றே விந்தி நடப்பதுபோன்ற ஒலியை உண்டாக்குகிறது.

ஒலிக்கு வேறொரு கணக்கும் உண்டு. தண்டு நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது நொடிக்கு 100 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு இரண்டரை எரிப்புகள் என்பதால் நொடிக்கு 250 துடிப்புகள் எழுகின்றன. அதே வேகத்தில் நான்கு உருளைப் பொறியில் 200 துடிப்புகள், பத்து உருளைப் பொறியில் 500 துடிப்புகள். 250க்கும் 500க்கும் உள்ள உறவு கீழ் சட்சத்துக்கும் மேல் சட்சத்துக்கும் உள்ள அதே ஒரு ஸ்தாயி உறவு. விலைமிக்க பத்து உருளை விளையாட்டுக் கார்களின் ஒலியை இச்சிறு வண்டி நினைவூட்டுவதாகப் பலர் கூறுவதற்கு இந்த எண் உறவே அடிப்படை.

இவ்வமைப்புக்குக் குறையும் உண்டு. நேர்வரிசை ஆறு உருளைப் பொறி தன்னைத்தானே முழுமையாகச் சமன்செய்து கொள்கிறது. ஐந்து உருளைப் பொறியில் மேலும் கீழுமான விசைகள் சமன்பட்டாலும், பொறியின் இரு முனைகளும் ஊசலாடுவதுபோல் ஆடும் திருப்பம் எஞ்சுகிறது. பொறியைத் தாங்கும் மெத்தைகளே இதை உள்வாங்க வேண்டியுள்ளது.

இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு

முதல் தலைமுறை ஆர்எஸ் கியூ3 வண்டியின் பொறியுடல் புழுவடிவக் காரீயம் கலந்த வார்ப்பிரும்பால் ஆனது. இவ்வகை இரும்பில் கரிமம் தகடுகளாக இல்லாமல் சிறு புழுக்களைப்போல் உருண்டு வளைந்து படிவதால், சாதாரண வார்ப்பிரும்பைவிட வலிமை அதிகம். சுவர்களை மெல்லியதாக வார்க்கலாம். அப்படியும் முழுப் பொறியின் எடை 183 கி.கி.

இரண்டாம் தலைமுறை வண்டி பெற்ற பொறியில் உடல் அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. இம்மாற்றத்தால் மட்டும் 18 கி.கி. எடை குறைந்தது. உருளையின் உட்சுவரில் இரும்புக் குழல்களுக்குப் பதிலாக, பிளாஸ்மா முறையில் உலோகப் பூச்சுத் தெளிக்கப்பட்டது. வணரித் தண்டின் உள்ளே துளையிடப்பட்டு, அதன் தாங்கிகளின் விட்டமும் 6 மி.மீ. குறைக்கப்பட்டது. மொத்தக் குறைவு 26 கி.கி. எரிபொருள் உருளைக்குள் நேரடியாகவும் உள்வாங்கு குழாயிலுமாக இரு இடங்களில் பீய்ச்சப்படுகிறது.

இருபத்தாறு கிலோகிராம் என்பது 1.7 டன் வண்டியில் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அது குறைந்த இடம் முன் அச்சின் மேல் என்பதே இங்கு முதன்மையானது. இதன் பயன் ஓட்டும் இயல்பு பற்றிய பகுதியில் விளங்கும்.

திறனும் முறுக்குவிசையும்

இரு தலைமுறைகளின் எண்களையும் ஒப்பிட்டால் டர்போ பொறியின் போக்கு தெளிவாகும். முதல் பதிப்பில் 420 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1,500 முதல் 5,200 சுற்றுகள் வரையிலும், 310 குதிரைத்திறன் 5,200 முதல் 6,700 வரையிலும் கிடைத்தது. இரண்டாம் தலைமுறையில் 480 நியூட்டன் மீட்டர் 1,950 முதல் 5,850 வரையிலும், 400 குதிரைத்திறன் 5,850 முதல் 7,000 வரையிலும் கிடைத்தது. இரண்டிலும் முறுக்குவிசையின் சமதளம் முடியும் இடத்திலேயே திறனின் சமதளம் தொடங்குகிறது.

இதை எளிதாகச் சரிபார்க்கலாம். திறன் என்பது முறுக்குவிசையையும் கோண வேகத்தையும் பெருக்கி வருவது. நிமிடத்துக்கு 5,850 சுற்று என்பது நொடிக்கு ஏறத்தாழ 612.6 ரேடியன். அதை 480ஆல் பெருக்கினால் 294 கிலோவாட், அதாவது 400 குதிரைத்திறன். அதற்கு மேல் சுழற்சி கூடக்கூட முறுக்குவிசையைப் பொறிக்கட்டுப்பாட்டுக் கணினி வேண்டுமென்றே தளர்த்தித் திறனை ஒரே அளவில் நிறுத்துகிறது. டர்போ இல்லாத பொறிகளில் காணப்படும் கூர்மையான உச்சி இங்கு இல்லை.

கூடுதல் திறனுக்கு ஒரு விலையும் உண்டு. முழு முறுக்குவிசை முதல் பதிப்பில் 1,500 சுற்றிலேயே வந்துவிட்டது. இரண்டாம் தலைமுறையில் 1,950 வரை பொறுக்க வேண்டும். உருளைகளுக்குள் செலுத்தப்படும் காற்றின் அளவு கூடியதன் விளைவு இது.

முதல் பதிப்பின் எரிபொருள் செலவு அன்றைய ஐரோப்பியச் சோதனை முறைப்படி 100 கி.மீ.க்கு 8.8 லிட்டர், கரியமில வாயு வெளியீடு கி.மீ.க்கு 206 கிராம். முழு விசையில் ஓட்டுபவர் இவ்வெண்ணை எதிர்பார்க்க இயலாது.

செலுத்தமும் நான்கு சக்கர இயக்கமும்

எல்லாப் பதிப்புகளிலும் ஏழு படிகள் கொண்ட எஸ் டிரானிக் என்னும் இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டியே பொருத்தப்பட்டது. ஒற்றைப்படைக் கியர்களை ஒரு கிளட்சும் இரட்டைப்படைக் கியர்களை மற்றொரு கிளட்சும் கையாள்கின்றன. மூன்றாம் கியரில் வண்டி ஓடும்போதே நான்காம் கியர் பூட்டப்பட்டுக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடுபடும் அதே வேளையில் மற்றது பற்றுவதால் இழுவை அறுபடாமல் கியர் மாறுகிறது. கிளட்சுகள் எண்ணெயில் மூழ்கியிருப்பதால் மிகுந்த முறுக்குவிசையின் வெப்பத்தைத் தாங்கவல்லன.

நான்கு என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லான குவாட்ரோ, ஆடியின் நான்கு சக்கர இயக்க வண்டிகள் அனைத்துக்கும் பொதுப்பெயர். ஆனால் அப்பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியமைப்புகள் உள்ளன. பொறியை நீளவாட்டில் வைத்த பெரிய ஆடிகளில் நடுவே ஒரு பகிர்வுப் பல்லிணை இருக்கும். குறுக்குப் பொறியுடைய ஆர்எஸ் கியூ3 வண்டியிலோ முன்சக்கரங்கள் எப்போதும் பொறியோடு இணைந்திருக்க, பின் அச்சுக்கு முன்னால் எண்ணெயில் மூழ்கிய பல தகட்டுக் கிளட்ச் ஒன்று இருக்கிறது. மின் எக்கி அழுத்தத்தைக் கூட்டினால் தகடுகள் இறுகிப் பின்சக்கரங்களுக்கும் விசை செல்லும், குறைத்தால் வண்டி ஏறத்தாழ முன்சக்கர இயக்கமாகிவிடும். முதல் தலைமுறை வண்டிக்கும் 1980ஆம் ஆண்டின் குவாட்ரோவுக்கும் பொதுவாக இருப்பது பெயரும் உருளைகளின் எண்ணிக்கையுமே அன்றி இயக்கமுறை அன்று.

அடிச்சட்டமும் பிரேக்கும்

முன்புறம் மெக்ஃபர்சன் தாங்கிகளும் பின்புறம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நான்கு இணைப்புக் கரங்களும் உடைய அமைப்பு இரு தலைமுறைகளிலும் பயன்பட்டது. சாதாரணக் கியூ3யைவிட முதல் ஆர்எஸ் 25 மி.மீ. தாழ்ந்தது. இரண்டாவது 10 மி.மீ. தாழ்ந்தது, சக்கர வளைவுகளில் 10 மி.மீ. அகன்றது. சாலைக்கேற்ப விறைப்பை மாற்றும் அதிர்வு தணிப்பிகளும் விருப்பத் தேர்வாகக் கிடைத்தன.

முதல் தலைமுறையின் முன் பிரேக் தட்டுகள் 365 மி.மீ. விட்டமும் அலைபோன்ற விளிம்பும் கொண்டவை. இரண்டாம் தலைமுறையில் முன்புறம் 375 மி.மீ., பின்புறம் 310 மி.மீ. எஃகுத் தட்டுகள். விரும்பினால் முன்புறம் 380 மி.மீ. பீங்கான் தட்டுகள் பெறலாம். இவ்வளவு பெரிய தட்டுகள் ஏன் என்பதை ஒரு கணக்கு விளக்கும். ஓட்டுநரோடு சேர்த்து 1,790 கி.கி. எடையுள்ள வண்டி மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4.3 மெகாஜூல். வண்டியை ஒரே முறை முழுமையாக நிறுத்தும்போது வெளிப்படும் அவ்வெப்பம், 13 லிட்டருக்கும் மேற்பட்ட நீரை 25 பாகை செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதன் பெரும்பகுதியைச் சில நொடிகளில் நான்கு தட்டுகளே ஏற்க வேண்டும்.

ஓட்டும் இயல்பு

நேர்ச்சாலையில் ஆர்எஸ் கியூ3 வண்டியின் வலிமை ஐயத்துக்கு இடமற்றது. 4.5 நொடிகளில் மணிக்கு 100 கி.மீ. என்பது சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தில் 63 விழுக்காடு. முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டியில் இவ்வளவு விசையைச் சாலைக்குக் கடத்த முடியாது, ஏனெனில் முடுக்கும்போது எடை பின்னோக்கி நகர்ந்து முன்சக்கரங்களின் பிடியே தளர்கிறது. பின்சக்கரங்களும் பங்கேற்பதால் ஈரச் சாலையிலும் இவ்வண்டி தயக்கமின்றிக் கிளம்புகிறது. எனினும் நான்கு சக்கர இயக்கம் புறப்படுவதற்கே உதவும். வளைவில் டயரின் பிடியையோ நிறுத்தத் தேவைப்படும் தூரத்தையோ அது மேம்படுத்துவதில்லை. நான்கு சக்கர இயக்க வண்டிகளின் ஓட்டுநர்கள் அடிக்கடி மறக்கும் செய்தி இது.

வளைவுகளில்தான் உயரத்தின் விலை தெரியவரும். திரும்பும்போது உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் பளு, எடை மையத்தின் உயரத்துக்கு நேர் விகிதத்திலும் சக்கரங்களுக்கு இடையேயான அகலத்துக்கு எதிர் விகிதத்திலும் அமையும். எடுத்துக்காட்டாக 1,700 கி.கி. எடையும் 1.6 மீட்டர் அகலமும் உள்ள வண்டி, புவியீர்ப்பில் 80 விழுக்காட்டு விசையோடு திரும்புவதாகக் கொள்வோம். எடை மையம் 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் 425 கி.கி. பளு வெளிப்பக்கம் மாறும். 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் 510 கி.கி. மாறும். டயரின் பிடி பளு கூடும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே பளு ஒரு பக்கம் குவியக் குவிய மொத்தப் பிடி குறைகிறது. உடலை 25 மி.மீ. தாழ்த்தியதால் இதே கணக்கில் கிடைக்கும் பயன் ஏறத்தாழ 21 கி.கி. மட்டுமே. உதவி உண்டு, ஆனால் உயரம் உயரம்தான்.

எனவே பொறியாளர்கள் வேறு வழியையும் நாடினர். சுருள்வில்களையும் தணிப்பிகளையும் விறைப்பாக்கினால் உடல் சாய்வது குறையும். அவ்விறைப்பு கரடுமுரடான சாலையில் பயணிகளின் முதுகில் தெரியும். குறிப்பாக முதல் தலைமுறை வண்டியின் சவாரி கடினமானது என்பது பரவலான கருத்து. இரண்டாம் தலைமுறை இதில் வெகுவாக மேம்பட்டது.

மற்றொரு சிக்கல் பொறி இருக்கும் இடம். குறுக்கே கிடக்கும் ஐந்து உருளைப் பொறியும் கியர்ப்பெட்டியும் முன் அச்சின் மீதும் அதற்கு முன்னும் அமர்வதால் வண்டியின் எடையில் பாதிக்கு மேல் முன்சக்கரங்களில் விழுகிறது. வளைவில் எல்லையை நெருங்கும்போது முதலில் பிடி இழப்பவை முன்சக்கரங்களே. திசைமாற்றியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி வளைவின் வெளிப்புறம் நோக்கி அகன்று செல்ல முனையும். உட்பக்கச் சக்கரத்தை மட்டும் இலேசாகப் பிரேக் பிடித்து வண்டியை உள்நோக்கித் திருப்பும் மின்னணு அமைப்பு இப்போக்கைப் பெருமளவு மறைக்கிறது, ஆனால் அழிப்பதில்லை. அலுமினியப் பொறியால் முன் அச்சில் குறைந்த 26 கி.கி. இங்கேதான் பயன் தருகிறது. இரண்டாம் தலைமுறை வண்டியின் முன்புறம் வளைவுக்குள் நுழைவதில் தெளிவாகச் சுறுசுறுப்பானது.

இந்நடத்தை ஒரு வகையில் பாதுகாப்பானது. முன்சக்கரம் நழுவினால் காலை விசைமிதியிலிருந்து எடுத்தாலே வண்டி அடங்கும். பின்சக்கரம் நழுவினால் எதிர்த்திசையில் திருப்பும் பழக்கம் வேண்டும். குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வண்டிக்கு முதலாவதே ஏற்றது. வளைவுகளில் வண்டியோடு விளையாட விரும்பும் ஓட்டுநருக்கு மட்டும் இது குறையாகத் தோன்றும். ஆர்எஸ் கியூ3 எத்தகைய சாலையிலும் விரைவாகவும் உறுதியாகவும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி. அதன் மகிழ்ச்சி திசைமாற்றியில் இருப்பதைவிடப் பொறியிலும் அதன் குரலிலும் இருக்கிறது.

அக்குரலை ஓட்டுநர் ஓரளவு தெரிவு செய்யலாம். புகைபோக்கியில் உள்ள தடுக்கிதழ் மூடியிருக்கையில் வண்டி அடக்கமாகவும், திறந்திருக்கையில் உரக்கவும் ஒலிக்கும். ஐரோப்பிய மாசு விதிகளை ஒட்டி இரண்டாம் தலைமுறையில் நுண்துகள் வடிகட்டி சேர்ந்ததால், பழைய வண்டியின் கரகரப்பு சற்றே மழுங்கியது. விசைமிதியின் கூர்மை, கியர் மாறும் விதம், தணிப்பிகளின் விறைப்பு ஆகியவற்றை ஓட்டுநர் தாமே அமைத்துச் சேமித்துக்கொள்ள ஆர்எஸ்1, ஆர்எஸ்2 என்னும் இரு நிலைகள் உண்டு.

உச்ச வேகம் இரண்டாம் தலைமுறையில் மணிக்கு 250 கி.மீ. என மின்னணு முறையில் வரையறுக்கப்பட்டது. கூடுதல் கட்டணத்தில் இவ்வரம்பு 280ஆக உயர்த்தப்பட்டது. காற்றுத்தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், வேகத்தில் இந்த 12 விழுக்காடு உயர்வுக்குக் காற்றுக்கெனச் செலவாகும் திறன் 40 விழுக்காடு கூட வேண்டும்.

உடலும் உட்புறமும்

முதல் தலைமுறை வண்டியின் நீளம் ஏறத்தாழ 4.41 மீட்டர், சாமான் இடம் 356 லிட்டர். இரண்டாவது 4.51 மீட்டர் நீளமும் 530 லிட்டர் இடமும் கொண்டது. பின்னிருக்கைகளை மடித்தால் 1,525 லிட்டர் வரை கிடைக்கும். ஸ்போர்ட்பேக் வடிவம் 45 மி.மீ. தாழ்ந்தது. அதில் மடித்த நிலையில் 1,400 லிட்டர். முதல் தலைமுறையில் இடப்புறம் மட்டும் இருந்த நீள்வட்டப் புகைவாய் இரண்டாவதில் இருபுறமும் அமைந்தது. சக்கர வளையங்கள் இரண்டாம் தலைமுறையில் 20 அங்குலம், விருப்பத் தேர்வாக 21 அங்குலம்.

ஒப்பான தானுந்துகள்

இவ்வண்டியின் நெருங்கிய போட்டி மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஜிஎல்ஏ 45 ஏஎம்ஜி. 2013 இறுதியில் காட்டப்பட்ட அவ்வண்டி 2 லிட்டர் நான்கு உருளைப் பொறியிலிருந்தே 360 குதிரைத்திறனைப் பெற்றது. லிட்டருக்கு 181 குதிரைத்திறன் என்னும் அவ்வளவோடு ஒப்பிட்டால் முதல் ஆர்எஸ் கியூ3 பெற்ற 125 மிகக் குறைவு. பின்னர் வந்த ஜிஎல்ஏ 45 எஸ் 421 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டரும் கொண்டு 4.3 நொடிகளில் 100 கி.மீ. வேகத்தை எட்டியது. அதே காலத்து ஆர்எஸ் கியூ3 லிட்டருக்கு 161 குதிரைத்திறனே பெற்றது. எண்களில் நான்கு உருளைகள் முந்தின. ஒலியிலும் வழுவழுப்பிலும் ஐந்து தன் இடத்தை விடவில்லை.

பிஎம்டபிள்யூ எக்ஸ்2 எம்35ஐ 306 குதிரைத்திறனோடும், வோக்ஸ்வாகன் டி-ராக் ஆர் 300 குதிரைத்திறனோடும் இதற்குச் சற்றுக் கீழான நிலையில் விற்கப்பட்டன.

இவற்றைவிடக் கவனிக்கத்தக்கது கூப்ரா ஃபார்மென்டர் விஇசட்5. சியட் நிறுவனத்தின் கிளையான கூப்ரா 2021இல் 7,000 வண்டிகள் என்னும் வரம்போடு அறிவித்த இக்கிராஸ்ஓவர், ஆடியின் அதே ஐந்து உருளைப் பொறியை 390 குதிரைத்திறனில் பெற்று 4.2 நொடிகளில் 100 கி.மீ. வேகத்தைத் தொட்டது. மேலும் அதன் பின் அச்சில் இடப்புறச் சக்கரத்துக்கு ஒன்றும் வலப்புறச் சக்கரத்துக்கு ஒன்றுமாக இரு தனித்தனிக் கிளட்சுகள் இருந்தன. வளைவில் வெளிப்பக்கப் பின்சக்கரத்துக்குக் கூடுதல் விசை தந்து வண்டியை உள்நோக்கித் தள்ள இவற்றால் முடியும். முன்புறம் வெளியே அகலும் குறைக்கு இது நேரடியான மருந்து. அதே 2021இல் வந்த ஆடி ஆர்எஸ் 3 காரும் இவ்வமைப்பைப் பெற்றது. ஆர்எஸ் கியூ3 வண்டியின் இரண்டாம் தலைமுறையோ பின் அச்சுக்கு ஒற்றைக் கிளட்சு என்னும் பழைய அமைப்போடே தொடர்ந்தது. அடிப்படைக் கியூ3 தானுந்தின் மூன்றாம் தலைமுறை 2025 சூனில் வெளியிடப்பட்டது.